கன்னத்தில் வைத்த கை

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஆறு வருடமாகிறது. மகள் ஒரு கொப்பி வாங்கி அனுப்பினாள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அந்தக் கொப்பியைச் சாமியறையில் வைப்பேன். அடுத்த நாள் எடுத்துத் தூசி தட்டி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எனக்கு எழுத வராது என்று மகளுக்குச் சொல்லி வந்தேன். அது சாக்கு. நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

என் மனைவி ஒரு வருத்தத்தால், உடம்புக்கு வந்த நோயால், போனாள். அந்த வருத்தத்தை இரண்டு வருடம் அவள் எனக்கு ஒளித்து வைத்திருந்தாள். ஒளிக்கும்படி செய்தவன் நான். அவள் போன முப்பத்தோராம் நாள், எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவளுடைய படமும் தேவாரங்களும் போட்டு ஒரு நினைவுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தோம். அதில் அவளைப் பற்றி நான் சொல்லி எழுதுவித்த ஒரு பந்தி இருக்கிறது. அந்தப் பந்தி உண்மையல்ல. ஊரில் எத்தனையோ வீட்டுச் சாமியறைகளில் அந்தப் புத்தகம் இன்றைக்கும் இருக்கும். அதற்காகத்தான் இப்போதாவது எழுதுகிறேன்.

எங்களுக்கு நயினாதீவு. அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை. தேங்காய், பழம், கற்பூரம், வெற்றிலை வைத்து அருச்சனைத் தட்டுக் கட்டிக் கொடுப்பேன். கடலால் முதல் லோஞ்ச் படகு வந்து ஆட்கள் இறங்குவதற்கு முன் கடை திறந்திருக்க வேண்டும். பின்னேரம் கடைசி லோஞ்ச் போன பிறகு வீட்டுக்கு வந்து குளித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாமிக்கு முன்னால் நிற்பேன். நாற்பது வருடமாக என் நாள் இப்படித்தான் போகிறது.

மனைவிக்கு முதலில் வந்தது தைரொயிட். மகளைக் கட்டிக் கொடுத்த அடுத்த வருடம் அவள் உடம்பு மெலிந்தது. கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. கண் முன்னுக்குத் தள்ளினாற்போல் இருந்தது. பட்டணத்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துத் தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறது என்று குளிசை கொடுத்தார்கள். சில மாதத்தில் உடம்பு தேறியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவளுக்கு எது வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரே பெயர்தான். களைத்தால் தைரொயிட், கோபித்தால் தைரொயிட், குழம்புக்கு உப்புக் கூடினாலும் தைரொயிட். அதைச் சொல்லிச் சிரிக்கிறவளும் அவள்தான்.

நாலைந்து வருடம் அப்படிப் போனது. பிறகு அவள் மாறினாள். அந்த மாற்றத்தை நான் பார்த்தேன், சந்தோசப்பட்டேன். அதைத்தான் என்னால் ஆற்ற முடியவில்லை.

அவள் விடியற்காலையில் எழும்பத் தொடங்கினாள். எனக்கு முன்னம் எழும்பி, முற்றம் கூட்டி, குளித்து, பூப்பறித்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போவாள். காலைச் சாப்பாடு, மத்தியானக் கறி, இரவைக்குப் பிட்டு எல்லாவற்றையும் நான் கடைக்கு வெளிக்கிடுவதற்கு முன் முடித்துவிடுவாள். என்னோடு கதைக்க வேண்டியதையும் அந்த நேரத்திலேயே கதைப்பாள். மகள் என்ன சொன்னாள், யார் வீட்டில் என்ன விசேசம், எந்த ஓடு ஒழுகுகிறது, எல்லாம் தேத்தண்ணியோடு முடிந்துவிடும். பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தால் ஒரு சொல் இராது. கேட்டதற்குத் தலையாட்டுவாள். விளக்கை ஏற்றிவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருப்பாள்.

இவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமும் சொன்னேன். "என்ரை மனுசி பிரம்ம முகூர்த்தத்திலை எழும்பிறவ, பொழுதுபட்டால் வாய் திறவா" என்று பெருமையடித்தேன். கேட்டவர்களும் நான் கொடுத்து வைத்தவன் என்றார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு இருந்தாள்.

எங்களுக்கு அது கூடாது. விளக்கு வைக்கிற நேரம் வீட்டுக்கு இலட்சுமி வருகிற நேரம். அந்த நேரத்தில் வீட்டுப் பெண் கன்னத்தில் கைவைத்து இருந்தால் வீட்டில் துக்கம் இருக்கிறது என்று வந்த வாசலோடு திரும்பிவிடுவாள் என்பார்கள். என் அம்மா அதைச் சொல்லி வளர்த்தவர். என் அக்கா இன்றைக்கும் அதில் வலு கண்டிப்பு. அக்காவின் வளவு எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் பூவுக்கு வந்த அக்கா வாசலில் நின்று பார்த்தா.

"இதென்ன மச்சாள், செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கிறாய். ஆர் போட்டினம்?"

மனைவி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. உதடு ஒரு பக்கம் இழுபட்டதுபோல் நின்றது.

"சொல்லன் தம்பி உவவுக்கு. உப்பிடி இருந்தால் உன்ரை கடை எப்பிடி ஓடும்?" என்று அக்கா என்னைப் பார்த்தா.

அக்கா சொன்னது எனக்குக் குத்தியது. அன்று நான் போய் மனைவியின் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டேன். "விளக்கு எரியேக்கை உப்பிடி இருக்காதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது. வீட்டுக்குத் தரித்திரம்" என்றேன். அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. ஆனால் கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகும் கண்ட போதெல்லாம் எடுத்துவிட்டேன். நாள் செல்ல அவள் விளக்கேற்றிய உடனே குசினிக்குள் போய் இருக்கப் பழகினாள். அங்கே வெளிச்சம் குறைவு. நான் நிம்மதியாகத் தேவாரம் படித்தேன்.

அந்த நாட்களில் அவள் என்னோடு இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. பிறகு சாப்பிடுகிறேன் என்பாள். கஞ்சி குடிக்கும்போது மூக்கால் வருவதை ஒருமுறை கண்டேன். புரையேறிவிட்டது என்றாள். நானும் உச்சியில் தட்டிவிட்டுப் போனேன். கண் மடல் கீழே விழுந்து கிடப்பதைக் கண்டும் நித்திரைத் தூக்கம் என்று நினைத்தேன். இவ்வளவு வெள்ளென எழும்பினால் தூக்கம் வராதா?

கிளினிக்குக்குத் தவறாமல் போனோம். முதல் லோஞ்சில் குறிகட்டுவானுக்குப் போய், பஸ் எடுத்து, புங்குடுதீவு, வேலணை, மண்டைதீவு எல்லாம் தாண்டிப் பட்டணத்துக்கு. இரவு நன்றாகப் படுத்து எழும்பியவள், லோஞ்சிலும் பஸ்சிலும் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு வருவாள். டொக்டர் பார்க்கும்போது முகம் தெளிந்திருக்கும். குரல் மணிபோல் இருக்கும். இரத்தம் சரி, நாடித்துடிப்பு சரி, அதே குளிசையைப் போடுங்கோ என்று அனுப்புவார்கள். அவர்களில் ஒரு குற்றமும் இல்லை. அவர்கள் பார்த்த நேரம் அவள் சுகமாகத்தான் இருந்தாள். தீவில் இருக்கிற நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குக் காலமைதான் போவோம். பின்னேரத்து மனுசியை எந்த டொக்டரும் கண்டதில்லை.

கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஒருநாள் கிளினிக் வந்தது. கடல் கொந்தளிப்பு. முதல் லோஞ்ச் விடவில்லை. இரண்டாவதும் இல்லை. துறையில் வெயிலுக்குள் காத்திருந்தோம். திரும்பிப் போவோம் என்று நான் சொல்ல, "குளிசை முடிஞ்சுது" என்றாள். மத்தியானம் தாண்டி ஒரு லோஞ்ச் வெளிக்கிட்டது. பட்டணத்துக்குப் போய்ச் சேரக் கிளினிக் முடிகிற நேரம். கடைசி ஆளாக உள்ளே போனோம். புதிதாக வந்த ஒரு பெண் டொக்டர், எங்கள் மகளின் வயதிருக்கும்.

"அம்மா, குளிசை ஒழுங்காப் போடுறியளோ?"

மனைவி தலையாட்டினாள். வலது கை கன்னத்தில் இருந்தது.

"வாயைத் திறந்து சொல்லுங்கோவன்."

மனைவி பேசவில்லை. எனக்கு மானம் போனது. டொக்டருக்கு முன்னால் மரியாதை இல்லாமல் இருக்கிறாளே என்று நினைத்தேன்.

"ஒரு படிச்ச பிள்ளைக்கு முன்னாலை உதென்ன இருக்கை. கையை எடும்" என்று சொல்லி, மணிக்கட்டில் பிடித்துக் கையைக் கீழே இறக்கினேன்.

அவளுடைய வாய் திறந்து கீழ்த்தாடை விழுந்தது. அவள் மூடப் பார்த்தாள், மூடவில்லை. மற்றக் கையால் அவசரமாகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டா.

"ஐயா, கையை ஏன் எடுத்தனீங்கள்?"

"கன்னத்திலை கை வைச்சிருக்கக் கூடாதெல்லோ, பிள்ளை. வீட்டுக்குக் கூடாது."

"இது வீடில்லை, ஆஸ்பத்திரி. அவ கவலையிலை கை வைச்சிருக்கேல்லை. வாய் நிக்குதில்லை, அதாலை பிடிச்சுக்கொண்டிருக்கிறா."

டொக்டர் அவளை மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்க்கச் சொன்னா. பார்த்துக்கொண்டிருக்க இரண்டு மடலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னா. இருபதுக்கு வருமுன் குரல் மூக்குக்குள் போய், பிறகு காற்றாகப் போனது. தாதி ஒரு கையுறைக்குள் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து ஒரு கண்ணில் மட்டும் வைத்தாள். சற்று நேரத்தால் எடுத்தபோது அந்தக் கண் திறந்திருந்தது. மற்றது மூடியபடி இருந்தது. அந்த ஒற்றைக் கண்ணால் அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு காலமா, அம்மா?"

அவள் இரண்டு விரலைக் காட்டினாள்.

"ரண்டு மாசமோ?"

இல்லை என்று தலையாட்டினாள்.

அன்றே ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துக்கொண்டார்கள். வருத்தத்தின் பெயரை அட்டையில் எழுதினார்கள். மயஸ்தீனியா. நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் பண்ணுகிற வருத்தம். ஆறி எழும்பினால் கேட்கும், வேலை செய்யச் செய்யக் கேட்காது. அதனால்தான் காலையில் சுகம், பின்னேரம் ஏலாது. நெஞ்சை ஸ்கான் எடுக்க வேண்டும் என்றா டொக்டர். கண்ணுக்கும் வாய்க்கும் வருத்தம், நெஞ்சை ஏன் எடுப்பான் என்று கேட்டேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பைக் காக்கிற படைக்குச் சின்ன வயதில் அதுதான் பள்ளிக்கூடம், இந்த வருத்தக்காரர் சிலருக்கு அதில் கட்டி வரும் என்று விளங்கப்படுத்தினா. அந்தப் பள்ளிக்கூடம் பழுதானால் படை ஆளறியாமல் சொந்த உடம்பையே அடிக்குமாம். தைரொயிட்டை அடித்ததும் தசையை அடித்ததும் அப்படிப்பட்ட படைதானாம்.

ஸ்கானில் கட்டி இருந்தது.

கொழும்பில் நெஞ்செலும்பைப் பிளந்து ஒப்பரேசன் செய்தார்கள். வெளியே வந்த பெரிய டொக்டர், எடுக்கக்கூடியதை எடுத்தாயிற்று, கட்டி சுவாசப்பை உறையில் ஒட்டிப் படர்ந்திருக்கிறது, முழுவதும் எடுக்க முடியவில்லை, கதிர் மருத்துவம் கொடுக்க வேண்டும் என்றார். ஒப்பரேசனுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகளை விட்டுக் கேட்பித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னம் வந்திருந்தால்?

"அப்ப சின்னனா இருந்திருக்கும். அவ்வளவும்தான் என்னாலை சொல்லலாம்" என்றார்.

அந்த ஒரு வசனத்தோடுதான் நான் இன்றைக்கும் கோயிலுக்குப் போய் வருகிறேன்.

புது மருந்து பிடித்த பிறகு ஒருநாள் பின்னேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழும்பி இருந்து கதைத்தாள். நெஞ்சில் தையல், இருமினால் தலையணையை அணைத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் குரல் வந்தது. பொழுதுபடுகிற நேரத்தில் அவளுடைய குரலை நான் கேட்டு எவ்வளவு காலம்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் எங்கை கேட்டியள். பூசை மணியெண்டால் உங்களுக்குத் துறையிலை நிண்டாலும் காதிலை விழும்."

"பகிடி விடாதையும். உண்மையைச் சொல்லும்."

தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "முதல் தரம் நீங்கள் என்ரை கையை எடுத்துவிட்ட கிழமை கடைக் கூரை காத்துக்குப் போனது, ஞாபகமோ? என்னாலைதான் எண்டு நினைச்சன். என்ரை கையாலை உங்களுக்கு ஒரு கெடுதி வரக்கூடாது எண்டு குசினிக்குள்ளை போய் இருந்தனான். காலமையிலை எல்லாம் செய்ய ஏலும், அதாலை வெள்ளெனச் செய்தன். உங்களுக்கும் அது புளுகமும் பெருமையுமாத்தானே இருந்தது."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் நம்பியதை அவளும் நம்பியிருந்தாள். நான் நம்பியதற்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் நம்பியதற்கு அவளுடைய நெஞ்சுக்குள் கட்டி வளர்ந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, மனைவிக்குப் பக்கத்தில் இருந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "விசரி நான், விசரி நான்" என்று மட்டும் சொன்னா. மனைவி, "விடுங்கோ மச்சாள், கஞ்சி வைக்கட்டோ?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தாள். மருந்துக்குக் குறைவில்லை. நான் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வருவேன். விளக்கேற்றிய பிறகு அவளைச் சாமியறைக்கு முன்னால் கதிரையில் இருத்துவேன். "களைச்சால் கையை வைச்சுக்கொள்ளும்" என்று சொல்வேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன். மருந்தின் வேகம் குறைகிற நேரத்தில் அவளுடைய தாடை நடுங்குவது எனக்குத் தெரியும். கை மடியை விட்டுக் கொஞ்சம் எழும்பும். பிறகு என்னைப் பார்த்துவிட்டு மடிக்கே போய்விடும். "இல்லை, சரியாத்தான் இருக்கு" என்பாள். ஒருநாளாவது அவள் எனக்கு முன்னால் கன்னத்தில் கை வைக்கவில்லை. நான் பழக்கிய பழக்கத்தை என்னால் எடுக்க முடியவில்லை. நான் தேவாரம் படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். அந்த நேரத்திலாவது வைப்பாள் என்று.

ஒரு மாரியில் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. கண்ணுக்கும் வாய்க்கும் வந்த களைப்பு மூச்சு விடுகிற தசைக்கும் வந்தது. பெரியாஸ்பத்திரியில் மூச்சுக்கு மெசின் வைத்தார்கள். ஐந்தாம் நாள் காலமையில் போனாள். அவளுக்கு எல்லாம் காலமையில்தான்.

பிறகுதான் நினைவுப் புத்தகம். எழுதித் தருகிறவர் வீட்டுக்கு வந்து, அம்மாவைப் பற்றி நாலு வரி சொல்லுங்கோ என்றார். நான் கடையில் சொல்லிப் பழகியதையே சொன்னேன். அவர் அதை அழகாக்கி எழுதினார். "நாள்தோறும் பிரம்ம முகூர்த்தத்தில் துயிலெழுந்து இல்லறக் கடமை நிறைவேற்றி, அந்தியில் மௌனவிரதம் காத்து அம்பாளைத் தியானித்த உத்தமி" என்று அச்சில் வந்தது. எனக்கு உண்மை தெரிந்து மூன்று வருடம். அச்சுக்குப் போவதற்கு முன் வாசித்துக் காட்டினார்கள். நான் சரி என்றேன். வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

புத்தகம் போய்ச் சேர்ந்த அன்று மகள் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்த நேரம், வர முடியவில்லை.

"அப்பா, அம்மா மௌனவிரதம் இருந்தவவோ?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கதைக்க ஏலாமல் இருந்தவ, அப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினதுதான் இந்தக் கொப்பி.

அம்பாளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இன்றைக்கும் முதல் லோஞ்சுக்கு முன் கடை திறக்கிறேன். அம்பாள் அந்தக் கச்சான் காற்றை அனுப்பித்தான் எங்களைப் பின்னேரத்தில் கொண்டுபோய் விட்டாள் என்று சில நேரம் நினைப்பேன். அப்படி நினைக்கவும் எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது.

எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தைரொயிட் இருக்கிறவருக்கு எல்லாமே தைரொயிட் அல்ல. காலையில் ஓடித் திரிந்து பின்னேரத்தில் மடல் விழுந்தால், குரல் மூக்கால் போனால், சாப்பாடு மெல்ல ஏலாமல் வாயைப் பிடித்துக்கொண்டு இருந்தால், அந்த நேரத்து முகத்தைப் போனில் படம் எடுத்து டொக்டருக்குக் காட்டுங்கள். அந்தப் பெண் டொக்டர் எனக்குச் சொன்ன புத்தி இது. தீவில் இருக்கிறவர்களுக்கு இதைவிட வேறு வழியில்லை.

இதுவரை எழுதியதை வாசித்த என் மருமகன், நல்லாக இருக்கிறது, போனில் எல்லோருக்கும் அனுப்புகிறேன் என்கிறார். ஒரு பெரியவர், கோயில் மலரில் போடலாம், ஆனால் உம்முடைய குற்றத்தை இவ்வளவு சொல்லத் தேவையில்லை, கொஞ்சம் திருத்தித் தருகிறேன் என்கிறார். இருவருக்கும், இதைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் கும்பிட்டுக் கேட்கிறேன். கொடுங்கள், எவ்வளவு பேருக்கும் கொடுங்கள். ஆனால் இருக்கிறபடி கொடுங்கள். விதி என்று ஒரு சொல் சேர்க்க வேண்டாம். அவளை உத்தமி ஆக்க வேண்டாம், ஒருமுறை ஆக்கியது போதும். என் வசனத்தில் பிழை இருந்தால் கிடக்கட்டும். அவள் வாயைத் தாங்கிக்கொண்டிருந்த கையை நான் எடுத்துவிட்டேன் என்று எழுதிய இடத்தில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.